மகள் கல்யாணத்துக்கு ஆறு மாதம்: 49 வயது முகத்துக்கு எது முடியும், எது முடியாது?

கேள்வி: எனக்கு 49 வயது. பள்ளி ஆசிரியை. தினமும் ஸ்கூட்டரில் போய் வர ஒரு மணி நேரம் ஆகும். மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருக்கிறது. கழுத்து கருத்துவிட்டது. வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. தாடைக்குக் கீழே தொங்கல். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீம் ஒன்றை எட்டு மாதமாகப் பூசுகிறேன். முதல் மாதம் முகம் பளிச்சென்று இருந்தது. இப்போது இரண்டு நாள் பூசாமல் விட்டால் எரிகிறது, சிவந்துவிடுகிறது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். "வயசாயிடுச்சு, இனிமே அழகு எதுக்கு" என்கிறார் கணவர். வயது ஏறினால் அழகு போய்த்தான் ஆக வேண்டுமா? கல்யாணத்துக்குள் ஏதாவது செய்ய முடியுமா?
ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக நின்று, ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றி, புஜத்தின் உட்பக்கத்தைக் கண்ணாடியில் கன்னத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடத்துக்கும் 49 வயதுதான். அங்கே மங்கு இல்லை, திட்டு இல்லை, நிறம் ஒரே சீராக இருக்கும். விரலால் கிள்ளி விட்டால் கொஞ்சம் தளர்ந்திருப்பது தெரியும். அந்தத் தளர்வுதான் வயதின் பங்கு. கன்னத்தில் அதற்கு மேல் தெரிவதில் பெரும்பகுதி வெயிலின் பங்கு. உங்கள் விஷயத்தில் அந்தக் கிரீமின் பங்கும் சேர்ந்திருக்கிறது. வயதை நிறுத்த முடியாது. மற்ற இரண்டையும் நிறுத்தலாம். ஆறு மாதம் அதற்குத் தாராளமாகப் போதும்.

வெயில் எவ்வளவு செய்யும் என்பதற்கு மருத்துவ உலகில் பேர்பெற்ற படம் ஒன்று உண்டு. 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 28 ஆண்டுகள் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகம் அது. ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதியில் ஆழமான சுருக்கங்கள், தடித்த தோல். வலது பாதி பல வருடம் இளையவருடையது போல இருக்கும். ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுடும் யு.வி.பி. கதிரைத் தடுத்துவிடும்; ஆழமாக இறங்கி, தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உடைக்கும் யு.வி.ஏ. கதிரைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். வகுப்பறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து திருத்தும் நோட்டுப் புத்தகங்களும் இந்தக் கணக்கில் வரும்.

நம் தோலுக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சேர்ந்தே இருக்கின்றன. நிறமி அதிகம் என்பதால் சுருக்கம் வெள்ளைக்காரர்களைவிடத் தாமதமாகத்தான் விழும். அதே நிறமி அணுக்கள் சின்ன எரிச்சலுக்கும் கருமையாகப் பதில் சொல்லும். அதனால் நம் ஊரில் முகத்துக்கு வயதைக் கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் சுருக்கத்தைவிடச் சீரில்லாத நிறம்தான். மாநிறமோ கறுப்போ, முகம் முழுக்க ஒரே சீராக இருந்தால் பார்ப்பவர்கள் வயதைக் குறைத்தே சொல்வார்கள். 'வெளுக்க வேண்டும்' என்ற எண்ணத்தை இன்றோடு விட்டுவிட்டு 'சீராக வேண்டும்' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளுக்கப் பார்த்ததுதான் உங்களை இந்த எரிச்சல் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அந்த டியூபை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் உறையில் இடது ஓரமாகச் சிவப்புக் கோடு ஒன்று ஓடும், அதையும் பாருங்கள். முகத்தில் பூசும் இந்த வகை மருந்துகள் பலவற்றை மத்திய அரசு 2018-இல் 'சீட்டு வேண்டும்' என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கவுன்டரில் கேட்டால் இன்றும் பல கடைகளில் கொடுத்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

ஸ்டீராய்டு முதலில் பளிச்சென்று காட்டுவதற்குக் காரணம், ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நிறமி உற்பத்தியையும் தற்காலிகமாக அடக்கிவிடுவதுதான். வாரக்கணக்கில் தொடரும்போது தோல் மெலிகிறது. பூசுவதை விட்டதும் சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன. முகம் சிவந்து எரிகிறது. பூசினால் அடங்குகிறது. எனவே 'கிரீம் எனக்கு ஒத்துக்கொள்கிறது, விட்டால்தான் பிரச்சினை' என்று தோன்றும். அப்படித் தோன்றுவதே இந்தச் சிக்கலின் முக்கிய அடையாளம். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நூல் போன்ற குழாய்கள், மேலுதட்டில் புதிதாக ரோமம், இந்த வயதில் பரு இவையெல்லாம் வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எட்டு மாதம் பூசியதை நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். தோல் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் வீரியம் குறைந்ததற்கு மாறி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறங்கி, நிறுத்த வேண்டும். இடையில் எரிச்சலை அடக்க டாக்ரோலிமஸ் களிம்போ, சில வாரங்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையோ அவர் தரக்கூடும். நிறுத்திய சில நாட்களில், சிலருக்கு இரண்டு வாரம் கழித்து, முகம் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். பலர் இந்தக் கட்டத்தில்தான் பயந்துபோய்ப் பழைய டியூபைத் திறக்கிறார்கள். திறந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சரியாகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். ஆடியில் தொடங்கினால் ஐப்பசிக்குள் அடங்கிவிட வாய்ப்புண்டு. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் நிறுத்தினால்தான் ஆபத்து.

இந்த முதல் இரண்டு மாதம் முகத்துக்கு மூன்றே பொருள். சோப்புக்குப் பதிலாக நுரை குறைந்த, வாசனையில்லாத கிளென்சர்; சாதாரண சோப்பின் காரத்தன்மை, இயல்பாகவே லேசான அமிலமாக இருக்கும் தோலுக்கு ஆகாது. செராமைடோ கிளிசரினோ உள்ள மாய்ஸ்சரைசர். முகம் கழுவி ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும். மூன்றாவது சன்ஸ்கிரீன். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை, பார்லர் பிளீச் எதுவும் கிட்டே வரக் கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளம் வந்து, கருமை மாதக்கணக்கில் நிற்கலாம். பிளீச்சில் உள்ள அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் மெலிந்த தோலைச் சுட்டுவிடும். பயத்தம் மாவு நைசாக இருந்தால் கை காலுக்குக் குற்றமில்லை. முகத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.

சன்ஸ்கிரீன் போட்டும் மங்கு போகவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குப் பூசும் அளவில்தான் கோளாறு இருக்கும். டியூபில் எழுதியிருக்கும் எஸ்.பி.எஃப். எண் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதைச் சொல்லும் எண்), ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கண்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். குறைந்தது 1 கிராம். காலையில் ஒரு முறை, மதிய இடைவேளையில் ஒரு முறை என்றால் நாளைக்குக் குறைந்தது 2 கிராம். 50 கிராம் டியூப் 25 நாளுக்குள் தீர வேண்டும். உங்களுக்கு அது மூன்று மாதம் வருகிறது என்றால், 50 என்று எழுதியிருந்தும் முகத்துக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்குதான். எஸ்.பி.எஃப். 30 யு.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. 100 என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு இன்னொரு டியூப் வாங்கித் தாராளமாகப் பூசுங்கள். யு.வி.ஏ. பாதுகாப்புக்கு 'பி.ஏ.' என்பதன் பக்கத்தில் குறைந்தது மூன்று பிளஸ் குறி இருக்க வேண்டும்.

மங்குக்கு இன்னொன்றும் தேவை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கருக்கும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறம் கொண்ட 'டின்டட்' வகை தடுக்கும். முகம் வெள்ளையடித்தது போலத் தெரியாது என்பது கூடுதல் வசதி. வண்டி ஓட்டும்போது முகத்தை மூடிய ஹெல்மெட், கைக்கு உறை. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் புறங்கைதான் முகத்துக்கு அடுத்தபடியாக வயதைக் காட்டிக் கொடுக்கும் இடம்.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்றால், ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டு பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. தினமும் பூசியவர்களின் தோல் முதிர்ச்சி, நினைத்தபோது பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. நடுவயதில் தொடங்கியவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பதே உங்களுக்கு வேண்டிய செய்தி.

எரிச்சல் முழுதாக அடங்கிய பிறகு, சுமாராக ஐப்பசியில், மங்குக்கு மருந்து. மெலிந்த தோலுக்கு அசெலாயிக் அமிலம் 10 அல்லது 20 சதவீதத்தில் தொடங்குவது பாதுகாப்பானது. அது ஒத்துக்கொண்டால் வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினோயின் 0.025 சதவீதம், இரவு மட்டும். முகம் கழுவி 20 நிமிடம் நன்றாக உலரவிட்டு, முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் தவிர்த்து. முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒரு முறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். உரிவதும் லேசாகச் சிவப்பதும் முதல் மாதத்தில் எதிர்பார்க்க வேண்டியவை. சீக்கிரம் பலன் வேண்டும் என்று அளவைக் கூட்டினால் அந்த எரிச்சலே புதிய கருமையாகும். நிறத்தில் மாற்றம் தெரிய 12 வாரம், மெல்லிய கோடுகள் குறைய ஆறு மாதத்துக்கு மேல். நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் களிம்பை மருத்துவர் தந்தால் மூன்று நான்கு மாதத்தில் நிறுத்திவிட வேண்டும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் நீலம் கலந்த கருமை படியும், அதை எடுப்பது மங்கை எடுப்பதைவிடக் கடினம். மங்கு குறையும், பல சமயம் நன்றாகவே குறையும். ஆனால் சன்ஸ்கிரீனை நிறுத்திய அடுத்த கோடையில் திரும்பி வரும்.

கழுத்தைப் பொறுத்தவரை முதல் வேலையாகப் பீர்க்கங்காய் நாரைக் கீழே வையுங்கள். வெல்வெட் துணி போல் தடித்து, மடிப்புகளில் கருத்திருந்தால் அது அழுக்கோ வெயிலோ இல்லை. பெரும்பாலும் ரத்தத்தில் இன்சுலின் கூடியிருப்பதன் அடையாளம். அக்குளிலும் அப்படியே இருக்கும், சின்னச் சின்ன மருக்களும் தொங்கும். தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்: 5.7 முதல் 6.4 சதவீதம் வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். இடுப்புச் சுற்றளவு குறைந்தால் கழுத்தும் தெளியும். இந்த மருக்களில் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைக்கும் வழக்கத்தால் வெந்துபோன தழும்போடு வருபவர்கள் உண்டு. தோல் மருத்துவர் மரத்துப்போகும் களிம்பு தடவிச் சில நிமிடங்களில் சுட்டு எடுத்துவிடுவார்.

தாடைத் தொங்கலில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டில் தோலின் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைகிறது, அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதம் வாக்கில். ஆண்களுக்கு இப்படி ஒரு திடீர்ச் சரிவு கிடையாது, மெல்ல மெல்லத்தான் குறையும். உங்கள் கணவரின் கிண்டலுக்கு உடற்கூறு தந்திருக்கும் சலுகை அவ்வளவுதான்; வெயில் அவருக்கு எந்தச் சலுகையும் தருவதில்லை, அவருக்கும் ஒரு டியூப் வாங்கி வையுங்கள். தோலுக்கு அடியிலும் மாற்றம் நடக்கிறது. கண்குழி எலும்பு விரிகிறது, மேல்தாடை எலும்பு பின்வாங்குகிறது, கன்னத்துக் கொழுப்பு வற்றுகிறது. முட்டுக் கொடுத்த கழி சிறுத்தால் பந்தல் துணி தொய்வதைப் போலத்தான் தாடையில் தோல் இறங்குகிறது. எந்தக் கிரீமும் இதைத் தூக்காது. உருட்டும் கல், முகப் பயிற்சி, 'வி' வடிவப் பட்டை எல்லாம் வீண் செலவு. கடைவாய்ப் பல் பிடுங்கி இடம் காலியாக இருக்கிறதா? அந்த இடத்துத் தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும், கன்னம் ஒட்டும். பல் கட்டிக்கொள்வது முகத்துக்கும் செய்யும் உதவி.

ஃபில்லர் (தோலுக்கடியில் ஊசியால் நிரப்பும் ஜெல்), போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கல்யாணம் நெருங்கும்போது யாராவது சொல்வார்கள். போடாக்ஸ் நெற்றிக் கோட்டுக்கு, மூன்று நான்கு மாதம் நிற்கும், தொங்கலுக்கு அல்ல. ஃபில்லர் தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். தகுதியுள்ள மருத்துவரிடம், கரைக்கும் மருந்து கைவசம் இருக்கும் இடத்தில் மட்டும். பார்லரில் ஒருபோதும் வேண்டாம். நிறம் வெளுக்கக் குளுட்டத்தயோன் ஊசி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வகிடு அகலமாவதற்கு முதலில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சத்தின் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு). தலைமுடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களானால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் நிறுத்துங்கள். தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டும். இவையெல்லாம் சரியாக இருந்து, நெற்றி முன்வரிசை அப்படியே நிற்க, வகிடு மட்டும் விரிகிறது என்றால் முடி வளர்வதற்கான மினாக்சிடில் என்ற பூச்சு மருந்து உதவும். பெண்களுக்கு 2 சதவீதம் என்றால் 1 மில்லி காலை, இரவு. 5 சதவீதம் என்றால் பொதுவாக ஒரு வேளை. முடியில் தடவாமல் உச்சந்தலைத் தோலில் படும்படி விட வேண்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பூசுங்கள். தலையணை வழியாக முகத்தில் ஒட்டினால் அங்கே ரோமம் வளரும். முதல் இரண்டிலிருந்து ஆறு வாரம் அதிகமாகக் கொட்டும். பழைய முடி உதிர்ந்து புதியது கிளம்புவதன் அறிகுறி அது, நிறுத்தக் கூடாது. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும் என்பதால் இதை மட்டும் பரிசோதனை முடிந்த கையோடு தொடங்கினால்தான் தைக்கு எட்டும். இதய நோய், ரத்த அழுத்த மருந்து இருந்தால் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பட்டுப்புடவைக்காகக் கார்த்திகையில் பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடும் பட்டினிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். கணக்குப் போட்டால் தை, மாசி. கன்னத்துக் கொழுப்பும் சேர்ந்து வற்றி, தொங்கல் கூடும். குறைப்பதாக இருந்தால் இப்போதே தொடங்கி மாதம் ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு மேல் போகாதீர்கள். பருப்பு, முட்டை, தயிர், மீன் என்று புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்.

மார்கழி பிறந்தபின் புதிதாக எதையும் முயல வேண்டாம்: புது கிரீம், பீல் (தோலை உரிக்கும் அமிலப் பூச்சு), லேசர், புது ஃபேஷியல் எதுவும். த்ரெடிங், வேக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்பே ட்ரெட்டினோயினை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மயிரோடு தோலும் உரிந்து வரும். தலைச்சாயம் மாற்றுவதானால் 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்புறம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். 'மூலிகை கறுப்பு ஹென்னா' என்ற பாக்கெட்டுகளிலும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருப்பதுண்டு. ஒவ்வாதவர்களுக்குக் கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெளுப்பு தெரிந்தால் பொட்டை உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். பசையில் உள்ள பொருள் நிறமி அணுக்களைக் கொல்லக்கூடியது. கனமான ஜிமிக்கி போடுவதாக இருந்தால் மாட்டலோடு போடுங்கள். காது துளை ஏற்கெனவே கீறலாக நீண்டிருந்தால் இந்த மாதமே தைத்துக்கொள்ளலாம். புதுத் துளை போட இரண்டு மூன்று மாதம் விட வேண்டும்.

கல்யாண நாளன்று அலங்காரம் செய்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வயது ஏற ஏறப் புருவமும் உதடும் வெளிறி, முகத்தோடு அவற்றுக்குள்ள நிற வேறுபாடு மங்குகிறது. பார்ப்பவர் கண் வயதைக் கணிக்கும்போது இந்த வேறுபாட்டையும் எடுத்துக்கொள்கிறது. எனவே புருவத்தை நிரப்பி, உதட்டுக்கு நல்ல நிறம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. ஃபவுண்டேஷன் உங்கள் கழுத்து நிறத்துக்குச் சரியாக இருக்கட்டும், இரண்டு படி வெளுப்பாக வேண்டாம். பவுடரைக் குறைக்கச் சொல்லுங்கள், கண்ணோரக் கோடுகளில் போய் உட்காரும்.

இதுவரை சொன்னதில் உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. 25 வயதின் முகம் திரும்ப வராது; எலும்பும் கொழுப்பும் அதற்கு இடம் கொடுக்காது. சீரான நிறம், உலராத தோல், அடர்த்தி குறையாத வகிடு, நிமிர்ந்த முதுகு இவை 49-இலும் 69-இலும் கிடைக்கக்கூடியவை. உங்களை மண்டபத்தில் பார்க்கிறவர்கள் 'அழகா இருக்காங்க' என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைப் பார்த்துத்தான்.

இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பொட்டு, பவுடர் இல்லாமல் போங்கள். பூசும் எல்லாவற்றையும், முக்கியமாக அந்த டியூபை, கையோடு எடுத்துப்போங்கள். பெயரை மட்டும் சொன்னால் போதாது: கடைசியில் ஓர் எழுத்து மட்டும் மாறி, ஒரே பெயரில் ஸ்டீராய்டு உள்ளதும் இல்லாததும் கடையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.